பாண்டியர் மணிமுடியும் இந்திரன் ஆரமும்

பாண்டியர் மணிமுடி, இந்திரன் ஆரம் ஆகிய இரண்டும் மதுரைப் பாண்டிய மன்னர்களின் பரம்பரை அரசுச் சின்னங்கள். 10-ஆம் நூற்றாண்டில் சோழரிடம் தோற்ற பாண்டிய மன்னன் ஒருவன் இவற்றை ஈழத்தில் விட்டுச் சென்றான். அவற்றைக் கேட்டும் படை அனுப்பியும் சோழர்கள் ஏறத்தாழ 70 ஆண்டுகள் முயன்றனர். 1017-ஐ ஒட்டி முதலாம் இராஜேந்திர சோழன் அவற்றைக் கைப்பற்றினான்.  இந்தக் கட்டுரை அந்தத் தேடலையும், அதனோடு தொடர்புடைய கொங்குநாட்டுச் செய்திகளையும் விளக்குகிறது.

அரசுச் சின்னங்கள்

அரசனுக்கு உரியவை எவை என்று தொல்காப்பிய மரபியல் ஒரு பட்டியல் தருகிறது. படை, கொடி, குடை, முரசு, குதிரை, யானை, தேர், தார், முடி, செங்கோல் ஆகியவை அதில் வருகின்றன. இவற்றில் பலவற்றைக் குறுநில மன்னர்களும் வைத்திருந்தனர். முடி மட்டும் சேர, சோழ, பாண்டியர் மூவருக்கே உரியது. அதனால்தான் அவர்களை 'முடியுடை மூவேந்தர்' என்கிறோம். வேளிர் எவ்வளவு பெரிய நிலத்தை ஆண்டாலும் முடி சூடியதாகச் சொல்லப்படுவதில்லை.

சங்க காலத்தில் முடியைவிட முரசும் காவல் மரமும்தான் அதிகம் பேசப்படுகின்றன. பகைவனின் காவல் மரத்தை வெட்டுவதும் முரசைப் பறிப்பதும் அவன் அரசை முடித்துவிட்டதற்கு அடையாளம். முரசுக்குத் தனிக் கட்டில் இருந்தது. அதற்குப் பூவிட்டு வழிபட்டனர். நீராட்டுக்காக முரசு வெளியே போயிருந்த நேரத்தில் மோசிகீரனார் என்ற புலவர் அந்தக் கட்டில் என்னவென்று அறியாமல் ஏறித் தூங்கிவிட்டார். மரபுப்படி அது தலை போகும் குற்றம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான் என்று புறநானூறு சொல்கிறது. அந்தப் பாடலைப் பொதுவாக அரசனின் தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். ஒரு சின்னத்தைத் தொட்டாலே உயிர் போகும் அளவுக்கு அது புனிதமாக இருந்தது என்பதற்கும் அதே பாடல்தான் சான்று.

இந்த இரும்பொறை மரபினர் கருவூரோடு தொடர்புடையவர்கள். கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, கோ ஆதன் சேரல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைகளைச் சொல்கிறது. இளங்கடுங்கோ இளவரசனானபோது சமண முனிவர் ஒருவருக்கு வெட்டிக் கொடுத்த கல் படுக்கையைப் பற்றியது அது. ஓர் இளவரசுப் பட்டத்தைக் குறித்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டுச் சான்றுகளில் ஒன்று இப்படிக் கொங்குநாட்டு எல்லைக்குள்ளேயே இருக்கிறது.

இந்திரன் ஆரம்

ஆரம் என்றால் கழுத்தணி. பாண்டியன் ஒருவன் இந்திரனின் ஆரத்தைப் பூண்டான் என்ற கதை சிலப்பதிகாரத்திலேயே வருகிறது. பாண்டியர் செப்பேடுகளிலும் முன்னோர் பெருமையாக அது சொல்லப்படுகிறது. இந்திரனோடு பாதி ஆசனத்தில் அமர்ந்ததும் அவன் ஆரத்தை அணிந்ததும் அந்தப் பெருமைகளில் சேரும். பிற்காலத் திருவிளையாடற் புராணம் இதை விரிவாகக் கூறுகிறது. உக்கிரபாண்டியனை அவமானப்படுத்த நினைத்த இந்திரன் பலர் சேர்ந்து தூக்க வேண்டிய ஆரத்தை அவனுக்குக் கொடுத்தான். பாண்டியன் அதைப் பூமாலை போல எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். 'ஆரம் தாங்கிய பாண்டியன்' என்ற பெயர் இப்படி வந்தது என்பர்.

புராணத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மதுரை அரண்மனைக் கருவூலத்தில் ஒரு பழைய கழுத்தணி இருந்தது, அதற்கு இந்தப் பெயர் வழங்கியது என்பதை மறுக்க முடியாது. அதைக் கைப்பற்றியதாக ஒரு சோழ அரசன் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான்.

மதுரை வீழ்ந்தபோது

முதலாம் பராந்தகன் (907–955) ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளிலேயே 'மதுரை கொண்ட' என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டான். அப்போது மதுரையில் ஆண்டவன் பெரிய சின்னமனூர்ச் செப்பேட்டை வெளியிட்ட மாறவர்மன் இராஜசிம்மன். அவன் ஈழ மன்னன் ஐந்தாம் கசபனிடம் உதவி கேட்டான். ஈழப்படை கடல் தாண்டி வந்து பாண்டியனோடு சேர்ந்து போரிட்டது. வெள்ளூரில் நடந்த போரில் சோழன் வென்றான். எஞ்சிய ஈழப்படையில் கொள்ளைநோய் பரவியதால் மன்னன் அதைத் திருப்பி அழைத்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம்.

அடுத்து நடந்ததும் சூளவம்சத்தில்தான் இருக்கிறது. நான்காம் தப்புலனின் ஆட்சியில் (924–935) பாண்டியன் நேரே ஈழத்துக்கு வந்து சேர்ந்தான். தப்புலன் அவனை மரியாதையோடு வரவேற்று, தலைநகருக்கு வெளியே தங்க வைத்தான். படை திரட்டித் தரவும் எண்ணினான். ஆனால் ஈழப் பிரபுக்களுக்குள் சண்டை மூண்டது. இனி இங்கே உதவி கிடைக்காது என்று கண்ட பாண்டியன், தன் முடியையும் மற்ற அணிகளையும் அங்கேயே விட்டுவிட்டுத் தாய் பிறந்த சேரநாட்டுக்குப் போய்விட்டான்.

எதற்காக விட்டுச் சென்றான்? அடைக்கலமாகவா, ஈடாகவா என்று நூல் சொல்லவில்லை. சோழன் கையில் கிடைக்கக் கூடாது என்ற எண்ணம் நிச்சயம் இருந்திருக்கும். நாடு போய்விட்டது. முடியும் அவன் கையில் சேர்ந்துவிட்டால் பாண்டியன் என்ற பெயரே அவனுடையதாகிவிடும்.

பராந்தகனுக்கும் இது தெரிந்திருந்தது. மதுரையில் பாண்டியருக்குரிய சின்னங்களோடு முடிசூடிக்கொள்ள அவன் விரும்பினான் என்றும், அவை ஈழத்தில் இருப்பதை அறிந்தே தூது அனுப்பினான் என்றும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி விளக்குகிறார். நான்காம் உதயன் காலத்தில் (946–954) தூதர்கள் போய் முடியைக் கேட்டனர். உதயன் மறுத்தான். அவனைக் குடிகாரன், சோம்பேறி என்று சூளவம்சமே ஏசுகிறது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. சோழப்படை வந்தது. ஈழச் சேனாபதி போரில் இறந்தான். உதயன் முடியை எடுத்துக்கொண்டு தெற்கே உரோகண நாட்டின் காடுகளுக்குள் தப்பினான். சோழப்படையால் அங்கே நுழைய முடியவில்லை, வெறுங்கையோடு திரும்பியது. 'மதுரையும் ஈழமும் கொண்ட' என்ற பட்டம் பராந்தகனுக்குக் கிடைத்தது. முடி கிடைக்கவில்லை.

இராஜேந்திரன் எடுத்தது

முதலாம் இராஜராஜன் 993-ஐ ஒட்டி ஈழத்தின் வடபகுதியைப் பிடித்து, அனுராதபுரத்தை அழித்து, பொலன்னறுவையைத் தலைநகராக்கினான். ஐந்தாம் மகிந்தன் மீண்டும் அதே உரோகணத்துக்குள் ஒதுங்கினான். சின்னங்களும் அவனோடு போயின. இராஜேந்திரனின் படை 1017-ஐ ஒட்டி அந்தக் காட்டுக்குள்ளேயே புகுந்து அவனைப் பிடித்தது.

இந்த நிகழ்ச்சிக்கு இரு தரப்புச் சான்றும் உண்டு. வென்றவன் தரப்பில் இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி. அது அவன் எடுத்தவற்றை வரிசையாகச் சொல்கிறது: ஈழத்தரசர் முடி, அவர்களின் தேவியர் முடி, முன்பு பாண்டியன் அவர்களிடம் வைத்த முடி, இந்திரன் ஆரம். அடுத்து சேரரின் குலமுடியும் செங்கதிர் மாலையும் வருகின்றன. இருபத்தொரு முறை அரசரை வென்ற பரசுராமன் சாந்திமத்தீவில் வைத்ததாகக் கருதப்பட்ட பொன்முடியும் வருகிறது. நாடுகளைப் பிடித்ததற்கு ஈடாக முடிகளைப் பிடித்ததும் பேசப்படுகிறது. ஒரு சேகரிப்பாளனின் பட்டியல் போலவே இருக்கிறது.

தோற்றவர் தரப்பில் சூளவம்சம். மன்னனின் 36-ஆம் ஆட்சியாண்டில் சோழர் பட்டத்தரசியைப் பிடித்தனர். வழிவழியாக வந்த முடி, தெய்வங்கள் தந்த விலைமதிப்பற்ற வைரக் கங்கணம், ஒடியாத வாள், கிழிந்த துணிப்பட்டை என்ற புனிதப் பொருள் ஆகியவற்றையும் எடுத்தனர். மன்னனையும் பிடித்துச் சோழநாட்டுக்கு அனுப்பினர். அவன் 12 ஆண்டுகள் சிறையிருந்து அங்கேயே இறந்தான். இந்தப் பட்டியலில் பாண்டியன் முடி தனியாகச் சொல்லப்படவில்லை. சோழன் தன் எதிரிக்கு உரியதைப் பெரிதாகச் சொல்கிறான். சிங்களத் துறவி தன் நாட்டு இழப்பைப் பெரிதாகச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகிறது. பொன்னுக்கும் வைரத்துக்கும் நடுவே ஒரு கிழிந்த துணி சமமாக வைத்து எண்ணப்படுவதையும் கவனிக்க வேண்டும். சின்னத்தின் விலை அது செய்யப்பட்ட பொருளில் இல்லை.

பாண்டியர் முடி கையில் வந்ததும் இராஜேந்திரன் தன் மகன் ஒருவனைச் 'சோழபாண்டியன்' என்ற பட்டத்தோடு மதுரையில் அமர்த்தினான். அங்கே ஒரு மாளிகை எழுப்பியதையும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. பராந்தகன் நினைத்தது ஏறத்தாழ இரண்டு தலைமுறைகளுக்கு மேல் கழிந்து இப்படி நிறைவேறியது.

முடி எடுத்தலும் முடி கொடுத்தலும்

அதன்பின் ஒருவர் முடியை ஒருவர் எடுப்பது சோழ, பாண்டியப் போர்களில் வழக்கமாகிவிட்டது. 'முடித்தலை கொண்ட' என்ற தொடர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிறது. அது தலையை வெட்டியதைக் குறிக்குமா, முடியைப் பறித்ததைக் குறிக்குமா என்பதில் குழப்பம் உண்டு. மூன்றாம் குலோத்துங்கனின் பட்டம் 'மதுரையும் ஈழமும் கருவூரும் பாண்டியன் முடித்தலையும்' கொண்டவன் என்பது. ஆனால் அந்த வீரபாண்டியன் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்து, குலோத்துங்கனின் அடிபணிந்திருக்கிறான். எனவே முடியணிந்த தலையில் காலை வைத்ததையே அத்தொடர் குறிக்கிறது என்பர். எல்லா இடத்திலும் அப்படிக் கொள்ள முடியாது. ஆதித்த கரிகாலனின் 'தலை கொண்ட' வேறு வகை.

அந்தப் பட்டத்தில் உள்ள கருவூர் கொங்குநாட்டின் தலைநகர். குலோத்துங்கன் கொங்கை அடக்கிக் கருவூரில் நுழைந்து 'சோழகேரளன்' என்ற பெயரில் விசயமுடி சூடினான். கொங்கு மண்டலத்துக்குச் சோழகேரள மண்டலம் என்ற பெயரும் வழங்கியது. சொந்தத் தலைநகரில் ஏற்கெனவே முடிசூடியவன் வென்ற ஊரில் அந்த ஊருக்கான பெயரோடு இன்னொரு முறை முடிசூடுகிறான். மதுரையிலும் அவன் இதையே செய்தான். 1205-ஐ ஒட்டிப் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்து, கழுதை ஏர் பூட்டி உழுது, கவடி விதைத்தான். கட்டடத்தை இடித்தால் போதாது, அந்த இடத்தில் இனி யாரும் முடிசூடக் கூடாது என்பது நோக்கம்.

இதற்குப் பதில் விரைவில் வந்தது. 1216-இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டில் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். அங்கும் கழுதை ஏர் பூட்டிக் கவடி விதைத்தான். சோழரின் முடிசூட்டு மண்டபம் இருந்த ஆயிரத்தளியில் வீராபிடேகம் செய்துகொண்டான். இவ்வளவு அழிவிலும் பட்டினப்பாலைக்குப் பரிசாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கொடுக்கப்பட்ட பதினாறு கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு கூறுகிறது.

பிறகு அவன் செய்ததுதான் வியப்பு. பொன்னமராவதியில் தங்கியிருந்தபோது நாடிழந்த சோழன் வந்து பணிந்தான். சுந்தரபாண்டியன் நாட்டையும் முடியையும் திருப்பிக் கொடுத்தான். 'சோணாடு வழங்கியருளிய' என்ற பட்டம் இதனால் வந்தது. போசளர் படை அருகில் வந்துவிட்டதும் இதற்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எடுத்ததை மட்டும் எழுதி வைத்த நூற்றாண்டுகளுக்குப் பிறகு, கொடுத்ததைப் பட்டமாகச் சூடிய அரசன் இவன்.

முடியைச் சூட்டுவது யார் என்பதும் ஒரு சிக்கல். களந்தையை ஆண்ட கூற்றுவ நாயனார் பல நாடுகளை வென்றார். தில்லைவாழ் அந்தணரிடம் போய்த் தமக்கு முடிசூட்டும்படி கேட்டார். சோழருக்கன்றிப் பிறருக்குச் சூட்டோம் என்று மறுத்த அவர்கள், ஒரு குடியை மட்டும் விட்டுவிட்டுச் சேரநாட்டுக்குப் போய்விட்டனர். முடி இல்லாத கூற்றுவருக்கு நடராசர் தம் திருவடியையே முடியாகச் சூட்டினார் என்கிறது பெரிய புராணம். வாள் பலம் இருந்தும் முடி கிடைக்காத ஒரு குறுநில மன்னனின் மனக்குறையை அந்தக் கதை எடுத்துக்காட்டுகிறது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் பட்டு நூலில் கோத்த 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கொண்ட மாலையை அணிந்திருந்ததாக எழுதினார். நாள்தோறும் 104 முறை மந்திரம் சொல்ல அது பயன்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்த பிறகு அந்தக் கருவூலம் பழைய நிலையில் இல்லை. சோழ, பாண்டிய மன்னர் சூடிய முடி ஒன்றுகூட இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. செப்புத் திருமேனிகளின் தலையில் உள்ள கிரீடங்களைப் பார்த்துத்தான் அவற்றின் வடிவை ஊகிக்கிறோம்.

கல் வந்த ஊர்கள்

முடியில் பதிக்கும் மணிகளுக்குக் கொங்குநாடு பெயர் பெற்றது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யலின் வடகரையில், ஈரோடு மாவட்டத்தில் உள்ளது கொடுமணல். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் பெரில், நீலம், பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்களும், பாதி வேலை முடிந்த மணிகளும், அறுத்துக் கழித்த சில்லுகளும் கிடைத்தன. அதாவது அது மணி வாங்கி விற்ற ஊர் மட்டுமல்ல, மணி செய்த ஊர். பெரில் கல் காங்கேயம் அருகே உள்ள படியூரிலும், நீலம் சிவன்மலைப் பகுதியிலும் கிடைத்தன. இன்று படியூர் வழியாகப் பின்னலாடை ஏற்றிய வண்டிகள் போகின்றன.

படியூர்க் கல்லை உரோமர் விரும்பினர். வெள்ளலூர் போன்ற இடங்களில் கிடைத்த உரோமானியக் காசுகள் இந்த வணிகத்தின் எச்சம். வைடூரியம் என்ற சொல் பிராகிருதம் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் 'பெரில்' ஆயிற்று. செர்மானியர் மூக்குக் கண்ணாடியைப் 'பிரில்லே' என்பது இதே சொல்லிலிருந்து வந்தது. முதலில் அத்தகைய தெளிந்த கல்லைத் தேய்த்துத்தான் வில்லை செய்தனர்.

செர்மானிய நாட்டில்

செர்மானிய அரசுச் சின்னங்களின் கதையும் இதுபோன்ற அலைச்சல்தான். எட்டுப் பொற்தகடுகளால் ஆன புனித உரோமப் பேரரசின் மணிமுடி ஏறத்தாழ இராஜராஜன் காலத்தது. 1424-இல் பேரரசர் சிகிஸ்மண்டு அதையும் மற்றச் சின்னங்களையும் நியூரம்பெர்க் நகரத்திடம் என்றென்றைக்குமாக ஒப்படைத்தார். 1796-இல் பிரெஞ்சுப் படை நெருங்கியபோது அவற்றை மறைத்து எடுத்துச் சென்றனர். 1800-இல் அவை வியன்னா சேர்ந்தன. பேரரசு 1806-இல் ஒழிந்தது. 1938-இல் ஹிட்லரின் ஆட்சி அவற்றை நியூரம்பெர்குக்குக் கொண்டு வந்தது. போர் முடிந்தபின் அமெரிக்கர் 1946-இல் வியன்னாவுக்குத் திருப்பி அனுப்பினர். உதயன் முடியோடு காட்டுக்குள் ஓடியதற்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடு இல்லை.

பிற்காலச் செர்மானிய முடிகள் வேறு வகை. பவேரிய அரசர்களுக்கு 1806-க்குப் பின் பாரிசில் முடி செய்யப்பட்டது. அதை எந்த அரசரும் தலையில் சூடவில்லை. விழாக்களில் திண்டின்மேல் வைத்தனர். அதில் இருந்த நீல வைரம் இந்தியாவிலிருந்து போனது. முடியாட்சி முடிந்தபின் அதைக் கழற்றி 1931-இல் ஏலத்துக்கு அனுப்பினர். 1871 முதல் 1918 வரை இருந்த செர்மானியப் பேரரசர்களுக்கோ முடியே செய்யப்படவில்லை. மாதிரி மட்டும் இருந்தது.

நமக்கு அருகில் திரும்பி வந்த சின்னங்களும் உண்டு. 1815-இல் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்ட கண்டியின் கடைசி நாயக்க மன்னன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் சிங்காசனமும் முடியும் இங்கிலாந்திலிருந்து 1934-இல் இலங்கைக்குத் திருப்பித் தரப்பட்டன. அவற்றைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பட்டமும் பரிவட்டமும்

பட்டம் என்ற சொல் நெற்றியில் கட்டும் பட்டையைக் குறிக்கும். பொன் தகடாகவும் இருக்கலாம், துணியாகவும் இருக்கலாம். வடமொழியில் துணிப்பட்டை என்ற பொருளும் அதற்கு உண்டு. பட்டாபிடேகம், பட்டத்தரசி, பட்டத்து யானை எல்லாம் இதிலிருந்து வந்தவை. காங்கேயம் வட்டாரத்தில் பழையகோட்டை, சங்கரண்டாம்பாளையம் முதலிய ஊர்களின் பழைய தலைமைக் குடும்பத்தாரைப் 'பட்டக்காரர்' என்று அழைப்பதும் அப்படியே.

மூவேந்தர் முடிகள் போய்விட்டாலும் இந்தத் துணி போகவில்லை. கோயில் திருவிழாவில் சாமிக்குச் சாத்திய துணியை எடுத்து ஊர்ப் பெரியவரின் தலையில் கட்டுவதைப் பரிவட்டம் கட்டுதல் என்கிறோம். யாருக்கு முதலில் கட்டுவது, யாருக்குக் கட்டக்கூடாது என்ற சண்டையில் திருவிழா நின்ற ஊர்கள் உண்டு. சாதியும் பரம்பரையும் அதில் கலந்திருக்கின்றன. வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போகின்றன. துணியின் விலை சில நூறு ரூபாய்கூட இருக்காது.